மருந்துப் பையில் சும்மா எழுத்து

கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி மடவளை வழியாக வத்தேகம போகிறவர்கள் எல்லோரும் பஸீஹாவின் எழுத்தைப் பார்த்திருப்பார்கள். பாலர் பாடசாலையின் பெயர்ப்பலகையில் அது இருக்கிறது. அபாயா கடையின் பையில், வட்டிலப்பக் கிண்ணத்தின் மூடியில், அச்சாறுப் போத்தலில், சில ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் இருக்கிறது. நல்ல மனநிலையில் இருக்கும் ஒருவர் அவசரமில்லாமல் தடித்த பேனையால் எழுதியது போன்ற எழுத்து. ஒரே கோட்டில் ஒழுங்காக உட்காராது. 'க' கொஞ்சம் எம்பி நிற்கும். பக்கத்தில் வரும் 'ட' கொஞ்சம் சறுக்கும். 'ழ'வின் வால் அடுத்த எழுத்தின் காலடி வரை போய் வளையும். யாரோ கையால் எழுதியது என்றே பார்த்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது கணினியில் தட்டச்சு செய்கிற எழுத்துரு. அதன் பெயர் 'சும்மா'.

பெயர் வந்த கதை சின்னது. கடைசி எழுத்தையும் வரைந்து முடித்துச் சேமிக்கப் போனபோது கணினி ஒரு பெயர் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவளுடைய கணவன் நபீல் கதவடியில் நின்று, "இவ்வளவு நாளா அதுல என்னத்தத்தான் செய்றீங்க பஸீ?" என்று கேட்டான். "சும்மா" என்றாள். சொன்ன வாயோடு அதையே தட்டச்சும் செய்துவிட்டாள்.

பஸீஹா மடவளையில் பிறந்து மடவளையிலேயே வாழ்க்கைப்பட்டவள். எட்டாம் வகுப்பு வரை சிங்களத்திலும் பிறகு தமிழிலும் படித்தாள். இரண்டு மொழியிலும் அவளுக்குக் கையெழுத்து அழகு என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மார்க்கர் பேனையை எடுத்து ஆற அமர, மற்றவர்கள் பார்ப்பதற்கென்று எழுதினால் அழகாக வரும். வீட்டுக்குத் தேவையான சாமான்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தால், கடை வாசலில் நின்று நபீல் அவளுக்கு ஃபோன் எடுத்துத்தான் வாசித்துக்கொள்வான்.

கலியாணத்துக்கு முன் அவள் கண்டி டவுனில் கலியாணக் கார்ட் அடிக்கும் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருந்தாள். அங்கே சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வளைந்து நெளிந்து ஓடுகிற எழுத்துருக்கள் வகைவகையாக இருந்தன. தமிழுக்கு இருந்தவை விறைப்பான நாலைந்துதான். கலியாணத்துக்கு ஒன்று, மரண அறிவித்தலுக்கு ஒன்று, தேர்தல் வந்தால் தடிப்பாக ஒன்று. "மகள்ட பேரக் கையால எழுதின மாதிரிப் போட ஏலாதா தங்கச்சி?" என்று பெண்ணைப் பெற்றவர்கள் வந்து கேட்பார்கள். பஸீஹா மணமக்களின் பெயரைக் கடதாசியில் எழுதி, ஸ்கேன் பண்ணி, கார்டில் வைப்பாள். எத்தனை பெயரை இப்படி ஒவ்வொன்றாக எழுதுவது என்ற சலிப்பில்தான் எழுத்துரு செய்யும் எண்ணமே வந்தது.

மகள் நுஹா பிறந்ததும் வேலையை விட்டாள். குசினிக்குப் பக்கத்து அறையில் கணினியை வைத்து, வீட்டிலிருந்தே கார்டுகளும் லேபல்களும் செய்து கொடுத்தாள். பிள்ளை தூங்குகிற நேரங்களில் எழுத்துருவை வரைந்தாள். தமிழைக் கையெழுத்து போல அமைப்பதில் தொல்லை அதிகம். 'கு', 'சு', 'து', 'ணு' எல்லாம் ஆளுக்கொரு திசையில் காலை நீட்டுகிறவை. ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டும். கையால் எழுதுகிற எவரும் ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதுவதில்லை என்பது இன்னொரு தொல்லை. 'மாமா' என்று தட்டினால் இரண்டு 'மா'வும் அச்சில் வார்த்தது போல நிற்கும், குட்டு உடைந்துவிடும். அதனால் அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு மூன்று வடிவங்கள் வரைந்து, அவை மாறி மாறி வரும்படி செய்தாள். இலக்கங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. அவற்றை எல்லாம் முடிந்த பிறகு, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், ஒரே மூச்சில் வரைந்து சேர்த்தாள். கார்டில் பெயர்தானே முக்கியம்.

'சும்மா'வைக் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் ஒரு விதி வைத்திருந்தாள். பெயருக்கும் ஒரு வரி வாழ்த்துக்கும் அதைப் போடலாம். விலாசம், நேரம், தொலைபேசி எண் எல்லாம் சாதாரண எழுத்தில்தான். "விலாசத்த இதால போட்டா ஆக்கள் எழுத்தப் பாத்து ரசிச்சிட்டு வேற வீட்டுக்குப் போய் நிப்பாங்க" என்பாள்.

அந்த விதியை டக்ளஸுக்காக ஒரு தடவை விட்டுக்கொடுத்தாள்.

டக்ளஸ் வத்தேகம பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு பாமசி வைத்திருக்கிறார். மருந்தெடுத்துக் கொடுப்பவள் லிண்டா. மடவளைக்காரர்களும் பன்வில பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் அங்கே போவார்கள். முன்பெல்லாம் லிண்டா சின்னக் கடதாசிப் பையில் குமிழ்முனைப் பேனையால் எழுதித்தான் குளிசையைக் கொடுப்பாள். எழுதும்போது வாயாலும் சொல்வாள்: "காலையில சாப்பிட்டு ஒண்ணு, ராத்திரி அரை, சரியா?" தலையாட்டும் வரை பையைக் கையில் தரமாட்டாள். பிறகு வெளிநாட்டிலிருக்கும் டக்ளஸின் தம்பி ஸ்டிக்கர் அடிக்கிற சின்ன இயந்திரம் ஒன்றை அனுப்பிவைத்தார். சிங்களமா தமிழா என்று தெரிந்தெடுத்து ஒரு பொத்தானை அமர்த்தினால் ஸ்டிக்கர் வந்துவிடும்.

சிங்கள ஸ்டிக்கர் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ் ஸ்டிக்கர் டக்ளஸுக்குப் பிடிக்கவில்லை.

"எழுத்து முள்ளு முள்ளா நிக்குது மிஸ்" என்று பஸீஹாவிடம் வந்து சொன்னார். "எங்க ஆக்கள் கோர்ட்டில இருந்து வந்த கடதாசின்னு நெனச்சுப் பயப்படுறாங்க. நீங்க கேக் பெட்டிக்குப் போடுவீங்களே, அந்த எழுத்தத் தாங்க. லிண்டா எழுதிக் குடுத்த மாதிரி அன்பா இருக்கும்."

"அது மருந்துக்குச் சரிவராது டக்ளஸ் அண்ணன்."

"ஏன் சரிவராது? முந்தியும் கையெழுத்துதானே?"

முந்தியும் கையெழுத்துதான், உண்மை. எழுத்துருவைக் கொடுத்தாள். முதல் ஸ்டிக்கரை டக்ளஸ் ஃபோனில் படம் பிடித்து அனுப்பினார். 'காலை', 'இரவு', 'சாப்பாட்டுக்குப் பின்' எல்லாம் சிரித்த முகமாக வந்திருந்தன. பஸீஹாவுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

அடுத்து வந்த போயா தினம், பௌர்ணமி விடுமுறை. காலையில், அவர்களோடேயே இருக்கும் பஸீஹாவின் உம்மா கட்டிலை விட்டு எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன உம்மா செய்யுது?"

"தல சுத்துது மகள். பிரஷர் குளிச கூடிட்டோ தெரியா. ராத்திரி ரெண்டு போட்டன்."

"ரெண்டா? உங்களுக்கு அரைதானே உம்மா!"

"முந்தி அரதான். இப்ப கூட்டீக்கி போல. நீங்கதானே எழுதீக்கிற, ஒண்டு ரெண்டு எண்டு? ஒண்டு காணாதாக்கும் எண்டு ரெண்டாவே போட்டன்."

பஸீஹா டக்ளஸின் பாமசியில் எடுத்த மருந்துப் பையை வாங்கிப் பார்த்தாள். 'இரவு' என்ற சொல் அழகாக இருந்தது. அதன் கீழே ஒன்றும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அரை என்று காட்ட இடையில் இருக்க வேண்டிய சாய்கோட்டைக் காணவில்லை. பேனையைத் தூக்குகிறபோது விழுகிற மெல்லிய வீச்சு போல அந்தக் கோட்டை அவள் வரைந்திருந்தாள். கணினித் திரையில் அது நன்றாகத் தெரிந்தது. கலியாணக் கார்டில் அரைக்கு வேலையே இல்லை, அதனால் அச்சில் அதை ஒருபோதும் பார்த்ததில்லை. சூட்டால் அச்சடிக்கும் ஸ்டிக்கர் இயந்திரத்தில் தடித்த கோடுகள் மட்டும் பதிந்தன. மெல்லியது பதியவில்லை.

உம்மாவைப் படுக்கவைத்து, வீட்டிலிருந்த கருவியால் பிரஷர் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது, ஆனால் ஆபத்தான அளவில் இல்லை. கொஞ்ச நேரத்தில் உம்மா குடிக்கப் பால் விடாத பிளேன்டி கேட்டார். பஸீஹா நபீலை உம்மாவின் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு டக்ளஸுக்கு ஃபோன் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி முடித்தபோது மறுமுனையில் சாவிகள் குலுங்குவது கேட்டது.

"அண்ணன்?"

"பாமசியத் திறந்து கொம்பியூட்டரப் பாக்குறேன். ஃபோன வைக்காதீங்க."

தமிழ் ஸ்டிக்கரில் அரைக் குளிசை போனது அவளுடைய உம்மாவைத் தவிர இரண்டு பேருக்கு. ஒருவர் வத்தேகமவில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர். அவருக்கு எடுத்ததும், "டொக்டர் அரைன்னார், நான் அரை போடுறேன். உங்க ஸ்டிக்கர யார் வாசிச்சது?" என்று ஏசிவிட்டு வைத்துவிட்டார். மற்றவர் பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் கறுப்பையா. இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்தவர். அவருக்குக் கொடுத்தது இரத்தம் உறையாமல் இருப்பதற்கான குளிசை.

"அது கூடினா என்ன செய்யும் அண்ணன்?"

"உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். போன கிளினிக்கில டோஸ் மாத்துறதப் பத்திப் பேசினாங்கன்னு அவரே என்கிட்ட சொன்னார். ஒண்ணு ரெண்டுன்னு பாத்தா, சரி கூட்டிட்டாங்கன்னுதான் நெனப்பார். குளிச கொண்டுபோய் ஒரு கிழமை ஆகுது மிஸ்."

கறுப்பையாவின் பெயரில் பதிந்திருந்த இலக்கம் கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் யுகேஷுடையது. அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. போயா என்பதால் தோட்டத்து மருந்தகமும் பூட்டு, ஆபீசும் பூட்டு.

"நான் பெரியாஸ்பத்திரி டொக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு வைக்கிறேன். யுகேஷுக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கேன். யாராவது மேல போகணும்" என்றார் டக்ளஸ். அவரிடம் வாகனம் இல்லை.

"நாங்க போறோம்" என்றாள் பஸீஹா.

கட்டுகஸ்தோட்டையில் நபீல் நடத்துகிற சப்பாத்துக் கடைக்கும் அன்றைக்கு விடுமுறை. உம்மாவையும் நுஹாவையும் பக்கத்து வீட்டு ஜஹானாவிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள்.

பாதை முழுக்க அவளுடைய எழுத்து இருந்தது. கேக் கடைப் பலகையில், டியூஷன் வகுப்புச் சுவரொட்டியில், முன்னால் போன ஓட்டோவின் பின்கண்ணாடியில். மற்ற நாளென்றால் நபீலின் தோளைத் தட்டிக் காட்டியிருப்பாள். அன்றைக்கு ஒவ்வொன்றையும் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"பஸீ, தோள உடைச்சிராதீங்க. எனக்கு வண்டி ஓட்ட வேணும்."

அவள் பிடியைத் தளர்த்தினாள். வத்தேகம தாண்டியதும் மறுபடி இறுக்கினாள்.

"அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருந்தா டக்ளஸுக்கு ஆரும் செல்லியிருப்பாங்க."

"ஆரு செல்ற? ஃபோனும் இல்ல. அது ஸ்டிக்கரால எண்டு அவங்களுக்குத் தெரியவா போகுது? நெஞ்சு வருத்தத்தால எண்டுதானே நெனப்பாங்க."

நபீல் வேகத்தைக் கூட்டினான். பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறியது. மழை தூறி விட்டிருந்தது. பஸீஹா அந்த மெல்லிய கோட்டையே நினைத்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு சின்ன வேலை. சோறு வடிக்கும் முன் இன்னொரு முறை பார்த்துத் தடிப்பாக்கியிருக்கலாம்.

தோட்டத்துச் சந்தியில் விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். நபீல் நிறுத்தி வழி கேட்டான்.

"எந்தக் கறுப்பையாங்க? பேக்டரிக் கறுப்பையாவா, மீசைக் கறுப்பையாவா?"

"வருத்தக்காரர். நெஞ்சில ஒப்பரேசன் செஞ்சவர்."

"ஓ, மீசைக்காரரு. கடைசி லயத்துக்குப் போங்க. இன்னைக்கு எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"எல்லாருமா? ஏன்?" என்றாள் பஸீஹா. அதற்குள் அந்தப் பெண்கள் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டார்கள்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் பாதையில் ஓர் ஆள் தலையில் நீலப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிச் சுமந்துகொண்டு போனான். கடைசி லயத்தின் முன்னால் கூட்டம் நின்றது. மோட்டார் சைக்கிள் நின்றும் பஸீஹா இறங்கவில்லை.

"இறங்குங்க பஸீ."

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து கனத்த குரல் ஒன்று கிளம்பியது.

"போன வருசமும் லவுட்ஸ்பீக்கர் காரன் நம்மள ஏமாத்திட்டான். நாலு பொட்டின்னு சொல்லி ரெண்டு கட்டினான். இந்த வருசமும் அவன்தான்னா நான் கமிட்டியில இருந்து விலகிக்கிறேன்!"

"மீசை, ஒவ்வொரு வருசமும் விலகுறே. போகத்தான் மாட்டேங்குறே" என்றது இன்னொரு குரல். கூட்டம் சிரித்தது.

நபீல் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல இறங்கினாள்.

கூட்டம் கோயில் திருவிழாவுக்கானது. கறுப்பையா நடுக் கதிரையில் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, முகம் தெளிவாக இருந்தது. அபாயாவோடு ஒரு பெண்ணும் கூட ஒருவரும் வந்து நிற்பதைக் கண்டு எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நாங்க டக்ளஸ் அண்ணன்ட பாமசியால வாறம்" என்று பஸீஹா நேரே கறுப்பையாவிடம் சொன்னாள். "ஐயா, புதுசா தந்த குளிச எத்தன போட்டீங்க?"

"வாங்க, உக்காருங்க. மூக்காயி, தேத்தண்ணி போடு."

"முதல்ல சொல்லுங்க ஐயா. எத்தன போட்டீங்க?"

அவளுடைய குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கறுப்பையா மீசையைத் தடவுவதை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவருடைய மனைவி மூக்காயி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தாள். மேலே பாமசியின் மருந்துப் பை கிடந்தது. வாய் மடித்து ஒட்டியபடி, ஒட்டிய இடம் பிரிபடாமல்.

"இதுவாம்மா? இத நாங்க தொடவே இல்லையே" என்றாள் மூக்காயி.

"தொடல்லையா?"

"இது புள்ளைங்களுக்குள்ள பூச்சி மாத்திர தானேங்க? எழுத்தப் பாருங்க, ஸ்கூல்ல ஒட்டுற மாதிரி. லிண்டா புள்ள வேற யாருக்கோ உள்ளதத் தெரியாம எங்க பையில போட்டுருச்சுன்னு இவருதான் சொன்னாரு. ஞாயித்துக்கெழம டவுனுக்கு எறங்குறப்ப திருப்பிக் குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கோம்."

"பெறகு என்ன பாருங்க" என்றார் கறுப்பையா, கமிட்டிக்கும் கேட்கும்படி. "நெஞ்ச வெட்டித் தச்ச மனுசனுக்குக் குடுக்குற மருந்துல எழுத்து இப்பிடி ஆட்டம் போடுமா? நான் பழசுல மிச்சம் இருந்ததப் போட்டுக்கிட்டு இருக்கேன். அதுல லிண்டா புள்ள பேனாவால அரைன்னு எழுதியிருக்கு. ராவைக்கு அரை. அவ்வளவுதான்."

பஸீஹா பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தாள். ஷோலின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். மூக்காயி பதறிப்போய், "ஐயோ, என்னம்மா, நாங்க ஏதும் பிழையாப் பேசிட்டோமா?" என்று குனிந்து பார்த்தாள். பஸீஹா தலையை மட்டும் ஆட்டினாள். அழுகைக்குள் சிரிப்பும் வந்ததால் பேச முடியவில்லை.

நபீல்தான் டக்ளஸுக்கு எடுத்தான். "போடல்ல அண்ணன். ஒண்டுமே போடல்ல. ஆள் கல்லு மாதிரி ஈக்காரு." டக்ளஸ் என்ன சொன்னார் என்று பஸீஹாவுக்குக் கேட்கவில்லை. "மாதாவே!" என்று லிண்டா வீறிட்டது மட்டும் ஃபோனுக்கு வெளியிலும் கேட்டது. போயா லீவிலும் அவள் விஷயம் அறிந்து பாமசிக்கு ஓடி வந்திருந்தாள்.

தேத்தண்ணி வந்தது. பஸீஹா நடந்ததை ஆதியிலிருந்து சொன்னாள். எழுத்து தன்னுடையது என்பதையும் சொன்னாள். கமிட்டிக்காரர்கள் பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணு ரெண்டுன்னுதான் வாசிக்கிறேன்" என்றார் ஒருவர்.

"நானும்தான்" என்றார் அடுத்தவர்.

கறுப்பையா பையை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "நல்லவேள, நம்ம மண்டைக்கு அது மருந்தாத் தெரியல" என்றார். மூக்காயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். டின்னை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸீஹா பேனை வாங்கினாள். ஸ்டிக்கரை உரித்தெடுத்துவிட்டு, அவசரமாகப் பையின் மேல் எழுதினாள்: இரவு, அரைக் குளிசை மட்டும். கீழே ஒரு வட்டம் போட்டு, பாதியைக் கறுப்பாக்கினாள். எழுத்து கோணிக் குறுகி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றது. மூக்காயியை அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மூக்காயி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இது டாக்டரு எழுத்து மாதிரியே இருக்கு. இப்பதான் இது மருந்து" என்றாள் திருப்தியோடு.

புறப்படும்போது கறுப்பையா உரித்த ஸ்டிக்கரைக் கேட்டார். "அத வீசாதீங்க. திருவிழா நோட்டீசுக்கு இந்த எழுத்து எப்பிடி இருக்கும்?"

"சாமி நோட்டீசுக்கு ஆடுற எழுத்தா?" என்று ஒருவர் எதிர்த்தார்.

"தீமிதிப்புக்குப் போடாதே. ஊஞ்சலுக்குப் போடு. பாட்டுக் கச்சேரிக்குப் போடு. புள்ளைங்க எல்லாம் பாக்கும்."

"அப்ப லவுட்ஸ்பீக்கரு?"

"அத விடு, அத நான் விடமாட்டேன்!"

மறுபடி சண்டை தொடங்கியது. திகதியும் நேரமும் மட்டும் சாதாரண எழுத்தில் வர வேண்டும் என்று அந்தச் சத்தத்துக்குள்ளே பஸீஹா சொன்னாள். யாருக்கும் கேட்டிருக்காது. நோட்டீஸ் செய்யப்போவது அவள்தான் என்பதால் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

பாமசியில் இப்போது தமிழ் ஸ்டிக்கர் சாதாரண எழுத்தில் வருகிறது. முள்ளு முள்ளாக நிற்காத, வட்டமான, தெளிவான எழுத்தொன்றை பஸீஹாவே தேடிக் கொடுத்தாள். அரை என்பது இலக்கத்தில் இல்லை, சொல்லாகவே வருகிறது. ஒவ்வொன்றையும் அச்சிட்டு, கடையின் மங்கலான மூலையில் வைத்து, டக்ளஸின் மூக்குக்கண்ணாடி இல்லாமல் டக்ளஸையே வாசிக்கவைத்துப் பார்த்தாள். லிண்டா மறுபடியும் வாயால் சொல்லிக் கொடுக்கிறாள். தலையாட்டும் வரை பையை விடுவதில்லை. 'சும்மா'வின் இலக்கங்களை பஸீஹா முழுக்க அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தாள். இந்தத் தடவை அடுப்பில் எதுவும் இருக்கவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவர்கள் லயத்தை விட்டு இறங்கும்போது வானம் வெளித்திருந்தது. பன்வில சந்திக்கு வந்ததும் பஸீஹா நபீலின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடையில் சுடச்சுட வடை இருந்தது. நின்ற நிலையிலேயே சாப்பிட்டாள். நபீல் தன் பங்கையும் அவள் பக்கம் தள்ளிவைத்தான்.

"அந்தாளுக்கு ஒண்டுமில்ல. உங்களப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்த" என்றான்.

அவள் வாய் நிறைய வடையோடு உம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"தலச்சுத்து எப்பிடி உம்மா?"

"அது அப்பவே போயிட்டு. அந்த மனுசன் எப்பிடி? நல்லமா?"

"நல்லம் உம்மா. குளிசயத் தொடவே இல்ல. கோயில் லவுட்ஸ்பீக்கருக்குச் சண்ட பிடிச்சிட்டு ஈக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ்." உம்மா ஜஹானாவிடமும் அதைச் சொல்வது கேட்டது. "அப்ப சரி. வாற வழியில தேங்கா ரெண்டு எடுத்துட்டு வாங்க மகள். நல்லாத் தட்டிப் பாத்து எடுங்க."